பாதியில் நின்ற வியாபாரம்

தம்பி, கோவிச்சுக்காதீங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்து ஒட்டுக் கேக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா நீங்க போன்ல "சரி, சரி, ஓகே, சரிங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, அது காதுல விழுந்துடுச்சு. பேங்க்லேருந்துதானே? கல்யாணச் செலவுக்கா? நல்லது, நல்லா இருங்க. போன்ல அந்த பேங்க் பொண்ணு கடகடன்னு வாசிச்சதுக்கெல்லாம் சரி போட்டீங்களே, இப்ப நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுமா? பாமாயில் வாங்கியிருக்கீங்க.

சிரிக்காதீங்க, நிசமாத்தான். எங்கேயோ கிடங்குல கிடக்கிற எண்ணெய். பேங்க் அதை வாங்கி உங்களுக்குத் தவணைக்கு வித்துச்சு. நீங்க சரின்னதும் உங்க சார்பா அதுவே வேற ஒருத்தன்கிட்ட ரொக்கத்துக்குத் தள்ளி விட்டுடும். அந்த ரொக்கம்தான் உங்க கணக்குக்கு வரும். மாசாமாசம் நீங்க கட்டப்போறது எண்ணெயோட விலை. கடன் இல்ல, வட்டி இல்ல, வியாபாரம். நீங்க ஹிந்துவா இருந்தாலும் சரி, கிறிஸ்தவரா இருந்தாலும் சரி, இந்த நாட்டுல இப்ப பாதிப்பேர் வாங்குறது இப்படித்தான். யாருக்கும் தெரியறதில்ல. சரி சரின்னு சொல்லிட்டு போனை வச்சுடுறாங்க.

நான் இருந்த காலத்துல எண்ணெய் கிண்ணெய்லாம் கிடையாது. போன்லயும் கிடையாது. நேர்ல வரணும், எதிர்ல உக்காரணும், வாய்விட்டுச் சொல்லணும். அவங்கவங்க வீட்டை, அவங்கவங்க கடையை பேங்க்குக்கு ரொக்கத்துக்கு விக்கணும். வித்த கையோட, அதே நாற்காலியில உக்காந்தபடியே, பேங்க்கிட்டேருந்து கூடுதல் விலைக்குத் தவணையில திருப்பி வாங்கணும். ரெண்டு வியாபாரம். முதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. அந்தச் சொல்லுக்குப் பேரு அகாட். அதைச் சொல்ல வைக்கிறதுதான் என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல அதுதான் வேலை.

எனக்கு வேலை கிடைச்ச புதுசுல ஒரு கூத்து. நாங்க நாகூர்ப் பக்கத்து ஆளுங்க. என் மாமியார் ஊர்லேருந்து வந்தவங்க. பொண்ணு பாக்கப் போன இடத்துல, மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க. எங்க வாப்பா "பாங்குல"ன்னு சொல்லிட்டாரு. எங்க ஆளுங்களுக்குப் பாங்குன்னா தொழுகைக்குக் கூப்பிடறது. அந்த அம்மா நான் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார்னு நினைச்சுக்கிட்டு, மார்க்கமான பிள்ளைன்னு உடனே சம்மதம் சொல்லிட்டாங்க. அப்புறம் விஷயம் தெரிஞ்சதும் ஒரே அழுகை, வட்டிக் கடைக்காரனுக்கா பொண்ணைக் குடுத்தோம்னு. நான் நேர்ல போய் உக்காந்து விளக்கினேன். மாமி, இது வட்டி இல்லாத பேங்க், புதுசா வந்திருக்கு, நாட்டுலயே கொஞ்சம் பேருதான் இதுல இருக்கோம்னு சொன்னேன். என்ன புரிஞ்சுச்சோ, கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அப்ப எங்க கிளையில இந்த வட்டியில்லாத பிரிவுக்குன்னு ஒரே ஒரு மேஜை. மூலையில, கக்கூஸ் பக்கத்துல. மத்த கவுண்டர்ல இருக்கிறவன்லாம் என்னை "லெப்பை"ன்னு கேலி பண்ணுவான். வர்றவங்க, இவன் ஃபாத்திஹா ஓதுறவன் போலன்னு நினைச்சுக்கிட்டு சலாம் சொல்லிட்டுத் தாண்டிப் போயிடுவாங்க. பொறுத்துக்கிட்டேன். கொஞ்சம் கொஞ்சமா மேஜை ரெண்டாச்சு, அரை மாடியாச்சு, ஒரு மாடியாச்சு. கடைசியில கட்டடமே பச்சை போர்டு மாட்டிக்கிச்சு. கேலி பண்ணினவன்லாம் மாத்திக் குடுங்க சார்னு மனு போட்டான். சீனங்க வரிசையில நின்னாங்க. ஹார்ட்வேர் கடை லிம்னு ஒருத்தன், "பிஸ்மில்லா சொல்லணுமா, தொப்பி போடணுமா?"ன்னு கேட்டான். ஒண்ணும் வேணாம்ப்பா, சொல்லைச் சரியாச் சொல்லு போதும்னேன். எங்க பக்கம் தமிழ்லயே அகாட் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சது நான்தான். மலாய் தெரியாத எஸ்டேட் ஆளுங்க வருவாங்க இல்லையா? "விற்றேன்"னு சொல்லணும், "வித்தேன்"னு கொழகொழன்னு சொல்லக்கூடாது. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

ஏன்னா சொல்லுதான் எல்லாம். வட்டிக்கும் வியாபாரத்துக்கும் நடுவுல நிக்கிறது அந்தச் சொல்லு ஒண்ணுதான். காகிதம் எல்லா பேங்க்கும் குடுக்குது. சொல்லு நான் மட்டும்தான் குடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் வீடு.

ஈப்போவுல ஒரு தாமான் குடியிருப்புல டெரஸ் வீடு. அரும்பாடு பட்டு வாங்கினது. கடைசித் தவணை கட்டினப்ப ஜொஹரா பாயசம் வச்சா. ஜொஹராங்கிறது என் மனைவி. ரிட்டயர் ஆனதும் எனக்கு ஒரு யோசனை. இவ்வளவு வேகமா வளர்ற துறையில சொல்லுக்கு மதிப்பு போயிக்கிட்டே இருக்கு, நீங்களே பாத்தீங்களே போன்ல. நாம ஒரு பயிற்சி நிலையம் வைப்போம். அகாட் எப்படிச் சொல்லணும்னு பேங்க் ஊழியர்களுக்கு வகுப்பு எடுப்போம். ஏசி ரூம், பத்து நாற்காலி, ஒரு போர்டு. அதுக்கு முதல் வேணும். வீட்டை பேங்க்குல வச்சா வந்துடும்.

"வச்சா"ன்னு சொன்னது தப்பு, பாத்தீங்களா, எனக்கே வாய் தவறுது. பேங்க்குக்கு வித்துத் திருப்பி வாங்கினா வந்துடும்.

ஜொஹராவுக்கு அது பிடிக்கல. "இந்த வயசுல எதுக்குங்க? பாயசம் வச்ச வீட்டை மறுபடியும் கொண்டுபோய் அவங்க கையில குடுக்கணுமா?"ன்னா. நான் விளக்கினேன். அவளுக்கு இதெல்லாம் புரியாது. கையில குடுக்கல ஜொஹரா, குடுத்த மாதிரி குடுத்து அடுத்த நிமிஷம் வாங்கிக்கிறோம்னேன். "அந்த அடுத்த நிமிஷத்துக்குத்தாங்க பயமா இருக்கு"ன்னா. அப்புறம் பேசறதை நிறுத்திட்டா. சம்மதிச்சுட்டான்னு எடுத்துக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அவளே ஆர்வமாயிட்டா, அதுதான் எனக்கு ஆச்சரியம். "நேரா ஆரம்பிக்காம, வீட்டுல ஒரு தடவை வகுப்பு எடுத்துப் பாருங்களேன். எங்க நானாவை வரச் சொல்றேன். அவரு பேங்க்கா இருக்கட்டும், நீங்க வாடிக்கைக்காரரா இருங்க"ன்னா. நானான்னா அண்ணன். சிக்கந்தர் மச்சான், பட்டர்வொர்த்ல நாசி கண்டார் சோத்துக்கடை வச்சிருக்காரு. படிப்பு கம்மி, வாய் அதிகம். நல்ல யோசனைதான்னு நினைச்சேன். அவரைப் போல ஒரு ஆளையே அகாட் சொல்ல வச்சுட்டா, அப்புறம் யாரை வேணா சொல்ல வைக்கலாம்.

ஞாயித்துக்கிழமை. பள்ளிவாசல்லேருந்து நாலைஞ்சு பேரைக் கூப்பிட்டிருந்தேன், மாணவர்கள் மாதிரி உக்கார. ஜொஹரா மச்சானுக்குப் பிடிச்ச இறைச்சியாணம் வச்சிருந்தா. நான் போர்டு மாட்டி, ஆரம்பத்துலேருந்து விளக்கி, கடைசியில செய்முறைக்கு வந்தேன். மச்சான் எதிர்ல உக்காந்தாரு. நான் கணீர்னு சொன்னேன்: "ஈப்போவில் உள்ள என் வீட்டை உங்களுக்கு ஐம்பது வெள்ளிக்கு விற்றேன்." அவரு "வாங்கினேன்"னாரு. சுத்தமான உச்சரிப்பு. எனக்கே சந்தோஷமாயிடுச்சு. "விலை கைமாறணும் மச்சான், அப்பதான் செய்முறை முழுசாகும்"னேன். சட்டைப் பையிலேருந்து ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து என் கையில வச்சாரு. எல்லாரும் மாஷா அல்லாஹ்ன்னாங்க.

இப்ப ரெண்டாவது பாதி. அவரு எனக்கு விக்கணும். வாயைத் திறந்தாரு. அஸர் பாங்கு சொல்லிட்டாங்க.

"மாப்பிள்ளை, பாங்கு சொல்லும்போது வியாபாரம் பேசலாமா?"ன்னு எந்திரிச்சிட்டாரு. நியாயம்தானே? எல்லாரும் பள்ளிக்குப் போனோம். தொழுதுட்டு வரும்போது அந்த ஐம்பது வெள்ளியை நான் பள்ளி உண்டியல்ல போட்டுட்டேன். வகுப்பு நல்லபடியா நடந்துச்சுன்னு ஒரு நன்றி. வீட்டுக்கு வந்தா ஜொஹரா சாப்பாடு எடுத்து வச்சுட்டா. சாப்பிட்டோம், சிரிச்சோம், வந்தவங்க கிளம்பிட்டாங்க. மச்சான் கார் சாவியை எடுக்கும்போதுதான் எனக்கு உறைச்சுச்சு. "மச்சான், அந்த ரெண்டாவது பாதி?"ன்னேன்.

"பாக்கலாம் மாப்பிள்ளை"ன்னாரு.

அவ்வளவுதான். அந்த "பாக்கலாம்"லதான் நான் மாட்டிக்கிட்டேன், தம்பி. இன்னிய வரைக்கும் வெளிய வர முடியல.

போன் பண்ணினேன். கடையில கூட்டம்னாரு. நேர்ல போனேன். உக்கார வச்சு, தே தாரேன்னு நுரை பொங்க டீ ஆத்திக் குடுத்து, கோழி போட்டு, மீன் போட்டு, "சொல்லுவோம் மாப்பிள்ளை, என்ன அவசரம், வீடு எங்கே ஓடிடப் போகுது?"ன்னாரு. இன்னொரு தடவை போனேன், தொழுகைக்குக் கை கால் கழுவுற ஒலு இல்லன்னாரு. வியாபாரத்துக்கு எதுக்கு மச்சான் ஒலுன்னா, "எனக்குத் தெரியுமா? நீங்கதான் படிச்சவரு"ன்றாரு. ஒரு தடவை கோவமாவே கேட்டுட்டேன், என்ன மச்சான், வீட்டை எடுத்துக்கலாம்னு பாக்கறீங்களான்னு. அவரு கல்லாவுல காசை எண்ணிக்கிட்டே, "வாங்கினதை எடுத்துக்கிறதுன்னு யாராவது சொல்லுவாங்களா?"ன்னாரு. பேராசை, தம்பி. கடை வச்சிருக்கிற மனுஷன், ரெண்டு காரு இருக்கு, தங்கச்சி வீட்டு மேல கண்ணு.

நீங்க கேக்கிறது புரியுது. பத்திரம், கிராண்ட் எல்லாம் என் பேர்லதான் இருக்கு. பீரோவுல இருக்கு. விளையாட்டுக்குச் சொன்னதுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஊர்ல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நான் எப்படிச் சொல்ல முடியும்?

மக் சிக் ரொஹானின்னு ஒரு மலாய்க்கார அம்மா. பலகாரம் விக்கிறவங்க. பையன் படிப்புக்கு வீட்டை வித்துத் திருப்பி வாங்கினாங்க, எங்கிட்டதான். புருஷன் போயிட்டாரு, தவணை நின்னுபோச்சு, வீடு ஏலத்துக்கு வந்துச்சு. என் மேஜைக்கு வந்து நின்னாங்க. "மகனே, நான் வீட்டை விக்கணும்னு வரல. நீ சொல்லச் சொன்னே, நான் சொன்னேன். அவ்வளவுதானே?"ன்னாங்க. "மக் சிக், வாய்விட்டுச் சொன்னீங்க. சொன்னது சொன்னதுதான்"னேன். அழுதாங்க. நான் தண்ணி வாங்கிக் குடுத்தேன். வேற என்ன செய்யறது? எழுந்து போகும்போது டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போனாங்க. நான் இதை வகுப்புல எல்லாம் உதாரணமாச் சொல்லுவேன், சொல்லோட கனம் என்னன்னு காட்ட. வீட்டுலயும் சொல்லியிருக்கேன். மச்சானுக்கும் தெரியும். "ரொஹானிக்கு ஒரு சொல்லு, உங்களுக்கு ஒரு சொல்லா மாப்பிள்ளை?"ன்னு ஒரு நாள் கேட்டாரு. அன்னிக்கு அவரு போட்ட கோழி எனக்கு இறங்கல.

பேங்க்லேருந்து ஆள் வந்தான், நிலையத்துக்குப் பணம் விஷயமா. நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன், ரஃபீக். "சார், சும்மா ஒரு கேள்வி, எல்லாரையும் கேக்கணும். வீடு உங்களுதுதானே?"ன்னான். ஆமான்னு சொல்ல வாயைத் திறக்கிறேன், வரல. முழுங்குறேன், வரல. "இன்னொரு நாள் வாப்பா"ன்னேன். அவனுக்கு ஒண்ணும் புரியல. ஜொஹரா அவனுக்கு டீயோட பிஸ்கட், முறுக்கு, வாழைப்பழம்னு கொண்டு வந்து வச்சா. என்னமோ பெருநாள் மாதிரி. அந்த முகத்துல அவ்வளவு சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. என் கஷ்டம் அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு நானும் சிரிச்சேன்.

தூக்கம் போச்சு. கடைசியில உஸ்தாத் ஹாஷிம்கிட்ட போனேன். எங்க பள்ளி இமாம், மலாய்க்காரர், வயசுல சின்னவர், ஆனா கித்தாபு படிச்சவர். எல்லாத்தையும் சொன்னேன். அவரு தாடியைத் தடவிக்கிட்டு, "உங்க நிய்யத் என்ன?"ன்னாரு.

"வகுப்பு எடுக்கிறது."

"வீட்டை விக்கணும்னு மனசுல இருந்துச்சா?"

"துளிகூட இல்ல உஸ்தாத்."

"அப்ப நீங்க விக்கல. போய் நிம்மதியா தூங்குங்க"ன்னாரு, சிரிச்சுக்கிட்டே.

எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா? கையைப் பிடிச்சு ஸலவாத் சொல்லிட்டு எந்திரிச்சேன். வாசல்ல ஒரு செருப்பை மாட்டிட்டேன். இன்னொரு செருப்புக்குள்ள காலை விடும்போதுதான் தோணுச்சு. மனசுல இல்லன்னா வித்தது ஆகாதா? அப்ப ரொஹானி? அவங்க மனசுல இருந்துச்சா? லிம் மனசுல இருந்துச்சா? என் எதிர்ல உக்காந்து விற்றேன்னு சொன்னவங்கள்ல ஒருத்தராவது மனசார வீட்டை விக்க வந்தாங்களா? எல்லாரும் பணத்துக்கு வந்தாங்க, நான் சொல்லச் சொன்னேன், சொன்னாங்க. அது எதுவுமே வியாபாரம் இல்லன்னா, அந்த மேஜையில உக்காந்து நான் என்னதான் செஞ்சேன்? கடன் குடுத்து வட்டி வாங்கினேன். மாமியார் அன்னிக்கு அழுதது சரின்னு ஆயிடும்.

ஒத்தைச் செருப்போட திரும்பி உள்ளே போனேன். "இல்ல உஸ்தாத். நான் வித்துட்டேன்"ன்னேன்.

அவரு என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. "ஐயா, உங்களுக்கு வீடு வேணுமா, வேணாமா?"ன்னாரு. வீடும் வேணும், என் முப்பது வருஷமும் வேணும். வாசல்ல இன்னொரு செருப்பையும் மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

அன்னியிலேருந்து நான் வாடகை குடுக்க ஆரம்பிச்சேன். ஆமா, வாடகை. அடுத்தவரு வீட்டுல சும்மா இருக்கிறது ஹராம் இல்லையா? மாசம் பொறந்தா உறையில போட்டு, வெளியே என் கையாலேயே "வாடகை"ன்னு எழுதி, பட்டர்வொர்த் கொண்டு போய்க் குடுப்பேன். மச்சான் முதல் தடவை அதிர்ந்துட்டாரு, வேணாம்னு தள்ளினாரு. நான் விடல. கணக்கு சுத்தமா இருக்கணும்னேன். அப்புறம் பேசாம வாங்கி வச்சுக்க ஆரம்பிச்சாரு. ஆனா ஒண்ணு சொல்லணும், மழையில கூரை ஒழுகினப்ப ஆள் அனுப்பிச் சரி பண்ணினாரு. "வீட்டுக்காரன் கடமை"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் கூரை தம்பி, எந்த ஓடு எங்க விரிசல்னு எனக்குத் தெரியும். நான் கீழே நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

சுவத்துல ஆணி அடிக்க மாட்டேன். காலண்டர் மாட்டணும்னா கதவுக் கைப்பிடியில தொங்க விடுவேன். பின்பக்கம் ஒரு ரம்புத்தான் மரம் இருக்கு, நான் வச்சது. பழுத்துக் கொட்டுது, ஒண்ணு தொடல. மரமும் வியாபாரத்துல சேத்தியான்னு அன்னிக்குச் சொல்லாம விட்டுட்டேன். ஜொஹரா பறிச்சுப் பறிச்சு அக்கம்பக்கத்துக்குக் குடுப்பா. "நானா வீடுதானே, எனக்கு என்ன?"ன்னு சொல்லிச் சிரிப்பா. நிலையம், போர்டு, நாற்காலி எல்லாம் பேச்சோட போச்சு. என் வீட்டுக்குள்ளேயே நான் விருந்தாளி மாதிரி ஓரமா நடக்கிறேன். உங்களுக்கு வேடிக்கையா இருக்கும். எனக்கு மூச்சு முட்டுது.

சரி, இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு இன்னிக்குத்தான் கிளம்பினேன். இன்னிக்குக் காலையில. தனியாப் போனா வேலைக்கு ஆகாதுன்னு ஜொஹராவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். தங்கச்சி கண்ணைப் பாத்தா அண்ணன் இளகிடுவாரு, இல்லையா? "நானா, குடுத்துடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்"னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். தலையாட்டிக்கிட்டே வந்தா.

கடையில பகல் கூட்டம். மச்சான் எங்களைப் பாத்ததும் கல்லாவை விட்டு எந்திரிச்சு வந்தாரு. நான் உக்காரவே இல்ல. "மச்சான், இன்னிக்கு விக்கிறீங்க. இல்லன்னா இங்கேருந்து நகர மாட்டேன்"ன்னேன். எனக்கே என் குரல் வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. மச்சான் என்னைப் பாத்தாரு, ஜொஹராவைப் பாத்தாரு.

"சரி மாப்பிள்ளை, இன்னிக்கு வித்துடுறேன்"னாரு.

கையைக் கழுவிட்டு வந்தாரு. தொப்பியை எடுத்துப் போட்டுக்கிட்டாரு. உக்காந்தாரு. "விட்ட இடத்துலேருந்து ஆரம்பிங்க மச்சான், நிதானமா"ன்னேன். அவரு நிதானமாத்தான் சொன்னாரு. "ஈப்போவில் உள்ள என் வீட்டை, என் தங்கச்சி ஜொஹராவுக்கு விற்றேன்."

றகரம் எவ்வளவு அழுத்தமா விழுந்துச்சுங்கிறீங்க! நான் சொல்லிக்கொடுத்தது.

மச்சான், ஆளை மாத்திச் சொல்றீங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள ஜொஹரா கைப்பையைத் திறந்து மேஜை மேல உறைங்களை எடுத்து வச்சா. ஒண்ணு மேல ஒண்ணா, எல்லாத்துலயும் என் கையெழுத்து, வாடகை, வாடகை, வாடகைன்னு. மச்சான் அதையெல்லாம் ஏன் அவகிட்ட குடுத்து வச்சிருந்தாருன்னு தெரியல. கடையில திருட்டு பயமா இருக்கும். "இதுதான் விலை, நானா"ன்னா. அப்புறம் என்னைப் பாத்துக்கிட்டே, "சரி, வாங்கிக்கிறேன்"னா.

வாங்கிக்கிறேன்!

தம்பி, அது என்ன தெரியுமா? கவுண்டர்ல நான் கேட்டுக் கேட்டு அலுத்த தப்பு. வாங்கிக்கிறேன்னா இனிமே வாங்கப் போறேன்னு அர்த்தம். அது வெறும் வாக்கு, வியாபாரம் ஆகாது. பத்துப் பேருல எட்டுப் பேரு அப்படித்தான் சொல்லுவாங்க, எட்டுப் பேரையும் திருத்துவேன். காதுல விழுந்தா வாய் தன்னால திருத்தும், நான் நினைக்கவே வேணாம். அந்த நேரத்துல என் வாய்க்கு வீடும் தெரியல, மச்சானும் தெரியல. பாவம், அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு மட்டும் தோணுச்சு.

"அப்படிச் சொல்லக்கூடாது ஜொஹரா. வாங்கினேன்னு சொல்லணும்"னுட்டேன்.

"வாங்கினேன்"னா.

மச்சான் தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, "எப்படி மாப்பிள்ளை? ஏதாவது குத்தம் இருக்கா?"ன்னாரு. நான் தேடினேன், சத்தியமாத் தேடினேன். விக்கிறவர், வாங்குறவர், பொருள், விலை, சொல்லு. எல்லாம் இருக்கு. நான் பாத்த அத்தனை அகாட்லயும் இவ்வளவு சுத்தமா ஒண்ணு நடந்ததில்ல. ரெண்டு பேருக்கும் மனசுலயும் இருந்துச்சே தம்பி, மனசுலயும் இருந்துச்சு. உஸ்தாத்கிட்ட போனாக்கூட பிரயோஜனம் இல்ல.

"இல்ல மச்சான், சரியா இருக்கு"ன்னு சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டுல வச்சு மெதுவாக் கேட்டுப் பாத்தேன். ஜொஹரா, எனக்கு வித்துடும்மா, ஒரு வார்த்தைதானேன்னு. அவ ரோட்டைப் பாத்துக்கிட்டு, "பஸ் வந்துருச்சுங்க"ன்னா. ஏறினதும் ஒத்தை சீட்டாப் பாத்து உக்காந்துட்டா. அதோ, முன்னாடி, பச்சை முக்காடு போட்டுக்கிட்டுத் தூங்குறா பாருங்க, அதான் என் வீட்டுக்காரி. இப்ப ரெண்டு அர்த்தத்துலயும் வீட்டுக்காரி.

எப்படித் தூங்குறா பாருங்க. வாய் லேசாத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவளுக்குத் தூக்கம் கம்மி. சின்னச் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சு உக்காந்துக்குவா, வாசக் கதவைப் போய்ப் பாத்துட்டு வருவா. நான் திட்டுவேன், என் வீட்டுல உனக்கு என்ன பயம்னு. அப்படித்தான் சொல்லுவேன், என் வீட்டுலன்னு.

எனக்கு இப்ப ஒரே கவலை, தம்பி. ஈப்போ வந்துடும். டாக்சி பிடிச்சு வீட்டு வாசலுக்குப் போவோம். எங்கிட்ட இருந்த சாவியை மச்சான் வாங்கி அவ கையில குடுத்துட்டாரு. அவ திறந்து உள்ளே போவா. அடுத்தவங்க வீட்டுல கேக்காம நுழையக்கூடாது, அது எங்க மார்க்கத்துல கண்டிப்பு. நான் வாசல்லயே நின்னு சலாம் சொல்லணும். சொல்லுவேன், அதுல எனக்கு வெக்கம் இல்ல. அதுக்கப்புறம் அவ உள்ளேருந்து "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமே.